அரை மணி நேரத்தில் ரிப்போர்ட்

நல்லையாவின் இரண்டு நுரையீரல்களும் சுத்தமாக இருக்கின்றன என்று அந்த ரிப்போர்ட் சொன்னது. இடது நுரையீரலைக் காசநோய்க்காக வெட்டி எடுத்துப் பல வருடமாகிவிட்ட ஒரு மனிதருக்கு அது கொஞ்சம் தாராளமான சான்றிதழ்தான்.

"போன நுரையீரல் கூட நல்லா இருக்குதாம் அக்கா," என்றான் துஷாந்த், வேனின் வைப்பரை வேகப்படுத்தியபடி. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூணாவதும் இருக்குதுன்னு எழுதியிருப்பாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த துவாரகா சிரிக்கவில்லை. "ரோட்டைப் பாரும்," என்றாள்.

"ரோடு இருந்தாத்தானே பாக்கிறதுக்கு?"

உண்மைதான். அப்புத்தளைக்கு ஏறும் பாதையை மூடுபனி மொத்தமாக விழுங்கியிருந்தது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் வெறும் வெள்ளை. அந்த வாரம் முழுக்கப் பெய்த மழையில் இரண்டு இடங்களில் மண் சரிந்து, தேயிலைச் செடிகள் வேரோடு பாதையில் கிடந்தன. பயம் வந்தால் துஷாந்துக்கு வாய் ஓடும். பண்டாரவளையிலிருந்து இதுவரை அவன் வாய் ஓயவே இல்லை.

பண்டாரவளையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துவாரகாவின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரியில் அலுவலக வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். துஷாந்த் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன். அவளுக்குச் சாரதி, உதவியாளர், தேவையில்லாத நேரத்தில் நகைச்சுவை நடிகர். நேற்று நல்லையாவின் மனைவி பெரியாயி அந்த மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, முந்தானையிலிருந்து இந்த ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

இந்த வாரத் தொடக்கத்தில் நல்லையாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பதுளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே எக்ஸ்ரே பிரிவின் வாசலிலேயே பெரிய பலகை: 'அரை மணி நேரத்தில் ரிப்போர்ட்.' சொன்னபடி அரை மணி நேரத்தில் வந்தது. ஒரு கோளாறும் இல்லை என்று இருமல் பாணி கொடுத்து அனுப்பினார்கள். மிச்சமிருந்த ஒரே நுரையீரலில் சளி கட்டி, வீட்டில் வைத்தே மனிதர் போய்விட்டார். எக்ஸ்ரே படத்தைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் அது இல்லை என்கிறார்கள்.

"அவரு செத்ததுக்கு யாரு மேலயும் கோபமில்லைங்க," என்று பெரியாயி சொல்லியிருந்தாள். "அந்தப் படத்த யாராச்சும் பாத்தாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ரிப்போர்ட்டின் அடியில் டொக்டர் செல்வநாயகியின் கையெழுத்து இருந்தது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துச் சொல்வதில் ஊவா மாகாணம் முழுக்கப் பேர் பெற்றவர். வயதாகிவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அப்புத்தளையில் வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாகப் படங்களைப் பார்த்து எழுதுகிறார். கையில் இருந்த ஒரே துப்பு அந்தக் கையெழுத்து.

ரயில் ஸ்டேஷனுக்கு மேலே, சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவே இருந்தது வீடு. துஷாந்த் கதவைத் தட்டினான். உள்ளே ஏதோ நகர்ந்தது. சங்கிலியைக் கழற்றாமல் கதவு ஒரு விரல்கடை திறந்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"ஆர்? கரண்ட் ஆக்களோ?"

"இல்லைங்கம்மா. எங்களப் பாத்தா அவ்வளவு தாமதமா வர்ற ஆளுங்க மாதிரியா தெரியுது?"

சங்கிலி கழன்றது. டொக்டர் செல்வநாயகி ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தார். வீட்டுக்குள் ஒரு விளக்கும் எரியவில்லை. மண் சரிந்து கம்பங்கள் சாய்ந்ததில் இந்த வாரம் முழுக்கக் கரண்டும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை என்றார். படம் பார்க்கும் இரண்டு பெரிய திரைகளும் கறுப்பாக நின்றன.

துவாரகா நல்லையாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி ரிப்போர்ட்டை நீட்டினாள். டொக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

"கையெழுத்து என்ரைதான்," என்றார் மெல்ல. "ஆனா இதை நான் எழுதேல்லை. இந்தப் படத்தை நான் கண்ணாலயும் காணேல்லை. நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்த ஆளுக்கு இப்பிடி ஒரு வரியில ஆர் எழுதுவினம்?"

"கரண்ட் இல்லை எண்டு ஆஸ்பத்திரிக்குச் சொன்னீங்களோ டொக்டர்?"

"முதல் நாளே ஸ்டேஷனடிக்குப் போய், சிக்னல் பிடிச்சுச் சொல்லிப்போட்டன். பிரவீணன் எண்டு, எக்ஸ்ரே பிரிவுக்கு மனேஜர். 'நீங்கள் ஆறுதலா இருங்கோ, நான் வேற ஏற்பாடு செய்யிறன்' எண்டார்."

"வேற ஏற்பாடு," என்றாள் துவாரகா. பிறகு துஷாந்தின் பக்கம் திரும்பினாள். "தங்கச்சியின்ரை ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினீர் எல்லோ? உம்மடை போனில இருக்கோ?"

துஷாந்துக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் அவசரமாகச் சட்டைப்பையைத் தடவினான்.

அவன் தங்கை ஜெயந்தினி, தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில் ரீச்சர். மழையில் வழுக்கி லயத்துப் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டுக்கொண்டாள். ரிப்போர்ட் சீக்கிரம் வரும் என்று அதே ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிப் போனான். 'பரோட்டா கூட இவ்வளவு வெரசா வராது' என்று எழுதி, அதைப் படமெடுத்துத் துவாரகாவுக்கும் அனுப்பியிருந்தான். அது இந்த வாரம்தான்.

போனை எடுத்துக் கொடுத்தான்.

துவாரகா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நெஞ்சு, மற்றது தலை. இரண்டிலும் ஒரே டொக்டரின் கையெழுத்து.

"படம் எடுத்த நேரத்தையும் ரிப்போர்ட் வந்த நேரத்தையும் பாரும். இதிலயும் சரியா அரை மணி. அதிலயும் சரியா அரை மணி. பண்டாரவளைச் சந்தையில தக்காளி வாங்கினா எப்பவாவது சரியா ஒரு கிலோ நிண்டிருக்கோ? கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். மனுசர் செய்யிற வேலை அப்பிடித்தான். நெஞ்சுப் படத்துக்கும் தலை ஸ்கேனுக்கும் ஒரு நிமிசம் பிசகாமல் ஒரே நேரம் எடுக்கிற ஆள் ஆர்?"

துஷாந்தின் கண்முன் ஒரு உருவம் வந்தது. ஒரு அறைக்குள் மணிக்கூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற, முகமில்லாத ஒருவன். நேரம் ஆனதும் குனிந்து ஒரே வசனத்தை எழுதுகிறான். பிறகு மறுபடியும் மணிக்கூட்டைப் பார்க்கிறான்.

"தம்பி," டொக்டர் அவன் தோளைத் தொட்டார். "தங்கச்சி இப்ப எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்கா டொக்டர். காலையில அம்மாகிட்டப் பேசினேன். தலைவலின்னு சொன்னாளாம். அப்புறம் நல்லாத் தூங்குறாளாம். நேத்திலேர்ந்து தூக்கம்தான். சாப்பிட எழுப்பினாக்கூட..."

அவன் நிறுத்தினான். டொக்டரின் முகத்தைப் பார்த்ததால் நிறுத்தினான்.

"என்ரை பையை எடுங்கோ பிள்ளை," என்றார் அவர் துவாரகாவிடம். "நானும் வாறன்."

வேன் மலைப்பாதையில் இறங்கியபோது துஷாந்த் ஒரு வார்த்தை பேசவில்லை. வளைவுக்கு வளைவு ஹோனை மட்டும் அழுத்தினான். பின்னால் டொக்டர் பதுளை அரசாங்க ஆஸ்பத்திரியைப் பிடிக்கப் போனைக் காதில் வைத்திருந்தார். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. தலைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்தால் ஆள் முதலில் நன்றாகத்தான் இருப்பார், பிறகு தூக்கம் வரும், பிறகு எழுப்ப முடியாது என்று அவர் துவாரகாவிடம் தணிந்த குரலில் சொன்னது அவனுக்குக் கேட்டது. கேட்காதது மாதிரி ஓட்டினான். பண்டாரவளைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் எடுத்தான். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருப்பாள். போன் லயத்து வீட்டுக் காம்பராவில் கிடந்து அடித்து ஓய்ந்தது. ஜெயந்தினி பக்கத்தில்தான் படுத்திருப்பாள். அந்தச் சத்தத்துக்கும் எழும்பவில்லையா?

பதுளை ரோட்டிலிருந்து பிரிந்து ஊசிமலைத் தோட்டத்து மண்பாதையில் வேன் துள்ளித் துள்ளி ஏறியது. லயத்தின் முன்னால் நிறுத்தி, கதவைச் சாத்தாமலே ஓடினான்.

காம்பரா திறந்து கிடந்தது. பாய் விரித்திருந்தது. போர்வை ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. தலையணையில் தலை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது.

ஆள் இல்லை.

"ஜெயந்தி!"

பக்கத்துக் காம்பராக்காரி ஈரக் கையோடு வெளியே வந்தாள். "ஏன் தம்பி கத்துற? ஆஸ்பத்திரி வண்டி வந்து கூட்டிக்கிட்டுப் போயிருச்சே. நீதான் அனுப்புனன்னு நெனச்சேன்."

"யாரு வந்தாங்க?"

"ட்ரைவரு ஒருத்தரு. அப்புறம் முக்காடு போட்ட ஒரு பொண்ணு. அதுதான் அவசரப்படுத்துச்சு. ஸ்கேன் படம் எங்கன்னு கேட்டு, அலமாரிக்கு மேல இருந்ததையும் எடுத்துக்கிருச்சு. ஒங்கம்மாளக் கூட்டியாரவான்னு கேட்டேன், நேரமில்லைன்னுச்சு. புள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான் போனாங்க. அது கண்ணே தொறக்கல."

துஷாந்த் துவாரகாவைப் பார்த்தான். அவள் பார்வை வெறுமையான அலமாரியின் மேல் இருந்தது. நல்லையாவின் படமும் இப்படித்தான் காணாமல் போனது. இப்போது ஜெயந்தினியின் படமும் போய்விட்டது, கூடவே ஜெயந்தினியும். அந்த முகமில்லாதவன் எழுதிய பொய்யைக் காட்டிக்கொடுக்க உலகத்தில் இருந்தவை அந்தப் படமும் அவள் தலையும்தான்.

"எந்தப் பக்கம் போச்சு?" என்று துவாரகா கேட்டாள்.

"பதுளைப் பக்கம். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னுக்குத்தான்."

மறுபடியும் வேன். மறுபடியும் மழை. பதுளை ரோட்டில் இறங்கி இரண்டு வளைவு தாண்டியதும் முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. ரோட்டின் குறுக்கே மண்ணும் ஒரு பெரிய மரமும் விழுந்திருக்க, பெக்கோ இயந்திரம் ஒன்று அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. வரிசையின் நடுவில் வெள்ளை வண்டி ஒன்றின் கூரையில் சிவப்பு விளக்கு சத்தமில்லாமல் சுழன்றது.

துஷாந்த் குதித்து ஓடினான். சேற்றில் ஒரு செருப்பு கழன்று போனது. அம்புலன்ஸின் பின்கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். பூட்டியிருந்தது. அடித்தான்.

"தொறங்க! அவ என் தங்கச்சி! தொறங்க!"

கதவு திறந்தது. முக்காடு போட்ட ஒரு பெண் உள்ளே முழந்தாளிட்டிருந்தாள். ஜெயந்தினியின் தலை அவளுடைய இரண்டு கைகளுக்கும் நடுவே அசையாமல் இருந்தது. அந்தப் பெண்ணின் கன்னம் முழுக்க ஈரம்.

"நீங்களா அண்ணன்?" என்றாள் அவள். "கையை எடுத்தா தலை ஆடுது. அதான் கதவத் தொறக்கச் சுணங்கிட்டு. ரோட்ட விடச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன், யாராவது ரோட்ட விடச் சொல்லுங்க."

அன்றைக்கு ஜெயந்தினியை ஸ்கேன் மேசையில் படுக்க வைத்தவள் இவள்தான் என்று அப்போதுதான் துஷாந்துக்கு அடையாளம் தெரிந்தது. பெயர் ஷிஹானா. அங்கே படம் எடுப்பவள்.

டொக்டர் செல்வநாயகி மழையில் நனைந்தபடி வந்து வண்டிக்குள் ஏறினார். ஜெயந்தினியின் இமையை விலக்கிப் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது பெரிதாக, கறுப்பாக அப்படியே நின்றது. ஷிஹானா பக்கத்தில் கிடந்த படத்தை நீட்டினாள். டொக்டர் அதைக் கூரை விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு கணம்தான்.

"அரசாங்க ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. தலை ஆப்பரேஷன் செய்யிற டொக்டருக்கு நான் இப்பவே சொல்லுறன்."

"அங்கதான் போயிட்டிருக்கோம் டொக்டர்," என்றாள் ஷிஹானா.

துவாரகா பெக்கோக்காரரிடம் ஓடிச் சிங்களத்தில் என்னவோ கத்தினாள். இயந்திரம் மரத்தை விட்டுவிட்டு, ஒரு வண்டி போகுமளவுக்கு மண்ணை மட்டும் அவசரமாக வழிக்கத் தொடங்கியது. அவள் திரும்பி வந்து அம்புலன்ஸ் கதவடியில் நின்று ஷிஹானாவைப் பார்த்தாள்.

"ஒண்டே ஒண்டு கேக்கிறன். டொக்டரின்ரை பேரில இந்த ரிப்போர்ட்டுகளை எழுதுறது ஆர்?"

ஷிஹானா தலையை ஆட்டினாள்.

"யாருமே எழுதல்ல மேடம்."

"யாரும் எழுதாம எப்படிங்க ரிப்போர்ட் வரும்?" என்றான் துஷாந்த்.

"ஆளே இல்ல," என்றாள் அவள். "படம் எடுத்ததும் கம்ப்யூட்டர்ல பேரு விழும். அரை மணிக்குள்ள ரிப்போர்ட் வராட்டி அந்தப் பேரு சிவப்பாகும். சிவப்பு கூடினா பிரவீணன் சேருக்கு மேலிடத்துல ஏச்சு. அதுக்காக ஒரு செட்டிங் போட்டு வச்சிருக்கார். நேரம் முடிஞ்சா 'கோளாறு இல்லை'ன்னு ஒரு ரிப்போர்ட் டொக்டர்ட கையெழுத்தோட தானாப் போயிரும். டொக்டர் பிறகு பாத்துத் திருத்துவாங்கன்னு சொன்னார். எனக்கு இந்தப் பிள்ளைட படத்துல ஓரத்துல வெள்ளையா ஒண்டு தெரிஞ்சிச்சு. ரிப்போர்ட் நல்லம்னு வந்ததும், டொக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன். இண்டைக்குத்தான் கென்டீன்ல சொன்னாங்க, அப்புத்தளையில வாரம் பூராக் கரண்ட் இல்லன்னு. சேர்கிட்ட ஓடினேன். நாளைக்குப் பாப்பம்ன்னார். நான் ட்ரைவர் நானாவக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்."

அப்படியானால் அந்த முகமில்லாதவன் உண்மையிலேயே முகமில்லாதவன்தான். துஷாந்த் யாருடைய சட்டையைப் பிடிப்பது? ஒரு மணிக்கூட்டின் சட்டையையா?

வழி திறந்தது. அம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு புறப்பட்டது.

ஆப்பரேஷன் அறைக் கதவு மூடியபோது பதுளையில் மழை விட்டிருந்தது. துஷாந்த் ஒற்றைச் செருப்போடு சுவரோரம் நின்றான். தோட்டத்திலிருந்து கொழுந்துக் கூடையையும் இறக்கி வைக்காமல் வந்துவிட்ட அம்மா, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைச் சிரிக்க வைக்க ஒரு வார்த்தை தேடினான். ஒன்றுகூட வரவில்லை.

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் சர்ஜன் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். செல்வநாயகியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் திரும்பி அம்மாவிடம் சொன்னார்: "இரத்தத்தை எடுத்திட்டினம். கைகால் அசைக்கிறா. நாளைக்குக் காலமை கண் முழிப்பா அம்மா. இன்னும் சுணங்கியிருந்தா..." அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துஷாந்த் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டான். பிறகு துவாரகா பக்கத்தில் வந்து நிற்பதை உணர்ந்தான்.

"எங்களுக்கு வேலை முடியேல்லை," என்றாள் அவள். "இந்தக் கிழமை முழுக்க அங்க படம் எடுத்த எத்தனை பேர் வீட்டில படுத்திருக்கினமோ தெரியாது."

அதை அவன் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை.

தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் பிரவீணன், ஷிஹானாவும் டொக்டரும் உட்பட நாலு பேரையும் கண்டதும் எழுந்து நின்றான். கழுத்துப்பட்டி கட்டிய, களைத்துப்போன இளைஞன். துஷாந்த் எதிர்பார்த்த வில்லனுக்கு அவன் பாதிகூட இல்லை.

"மேடம், முந்தி இங்க ஒரு ரிப்போர்ட்டுக்கு ரெண்டு மூண்டு நாளாகும். தோட்டத்துச் சனம் வாசல்லயே படுத்துக் கிடக்கும். அவசரமான படத்தை முன்னுக்கு அனுப்பி, அதையெல்லாம் மாத்தினது நான்தான். எங்கட சராசரி நேரத்தைப் பாருங்கோ..."

"நல்ல வேலைதான் செய்தனீர்," என்றாள் துவாரகா. "படத்தைப் பார்க்க ஆள் இல்லாத நாளில 'ஆள் இல்லை' எண்டு சொல்ல மட்டும் வழி வைக்கேல்லை. நல்லையாவின்ரை படம் எங்க?"

பிரவீணன் தலை குனிந்தான். படம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்றான்; அந்த மனிதர் இறந்த செய்தி வந்ததும், யாரும் திறக்க முடியாதபடி தானே பூட்டி வைத்ததாகச் சொன்னான். "பயந்திட்டன் மேடம்."

"நாளைக்குப் பொலிஸில அதைச் சொல்லும். இப்ப அதைத் திறந்து விடும். அந்த செட்டிங்கை நிப்பாட்டும்."

டொக்டர் செல்வநாயகி ஈரச் சேலையோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். பிரவீணன் ஒரு பொத்தானை அழுத்தினான். அதுவரை பச்சையாக இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறத் தொடங்கின. திரை நிறைந்தது. கீழே இழுத்தால் இன்னும் வந்துகொண்டே இருந்தது.

முதல் படம் நல்லையாவுடையது. டொக்டர் அதை நெடுநேரம் பார்த்தார். "பெரியாயிக்குச் சொல்லுங்கோ," என்றார். "இப்ப ஒரு ஆள் பாத்திட்டன் எண்டு."

பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. கை எலும்பு, கால் எலும்பு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அப்புறம் அவர் கை நின்றது.

"இந்த ஆளுக்கு நெஞ்சுக்குள்ள காத்துக் கசிஞ்சு நுரையீரல் சுருங்குது. இவரை வீட்டுக்கு அனுப்பினதே பிழை. இவர் எங்க இருக்கிறார்?"

"எல்ல ஊர்ப் பக்கம்," என்றாள் ஷிஹானா. "நம்பர் இருக்கு."

துஷாந்த் வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். துவாரகா நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள்.

போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஹானா முக்காட்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டாள். பிரவீணன் கண்ணை மூடிக்கொண்டான். துண்டித்துப் போனது. துவாரகா மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அடித்தது. ஒரு வெறும் வீட்டில், எழும்ப முடியாத ஒருவரின் பக்கத்தில் கிடந்து அடிக்கிற போனின் சத்தம் துஷாந்துக்கு நன்றாகத் தெரியும்.

'க்ளிக்' என்றது. மூச்சிரைப்பு ஒன்று கேட்டது. பிறகு ஒரு ஆம்பிளைக் குரல், விட்டு விட்டு, மகா எரிச்சலோடு வந்தது.

"யாருங்க அது... மனுசன நிம்மதியாச் சோறு திங்க விடாம?"

துவாரகா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் துஷாந்த் குனிந்து போனை எடுத்தான்.

"சாப்பிட்டு முடிக்காதீங்க அண்ணே," என்றான், கதவை நோக்கி ஓடிக்கொண்டே. "அப்படியே உக்காந்திருங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."